ஆர்டர் குறைந்த கம்பெனியில் ஆட்கள் சோர்ந்துபோனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. பிளக்கைப் பார்ப்பார், நூல் கோத்திருப்பதைப் பார்ப்பார், ஊசியைப் பார்ப்பார். ஆட்கள் சோர்ந்தால் மட்டும் நாம் நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறோம்: "இவங்களுக்கு வேலை செய்யற எண்ணமே போச்சு."

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புரொடக்சன் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது சாயம் ஏறிய துணி வராமல் நின்றோம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோது சனிக்கிழமை சம்பளத்துக்கு நோட்டு தேடி அலைந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் 356 கிலோ எடையுள்ள ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி, பழைய விலைக்கு வாங்கிய ஆர்டரெல்லாம் கையைக் கடித்தது. கடைசியாக 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி. காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. தையல் லைனில் தெரிந்த அறிகுறிகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருந்தால் ஓவர்லாக், பேட்லாக் என்று தையல் மெஷின் பெயர் வரும் இடங்களில் உங்கள் மெஷின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை எட்டரையிலிருந்து மதியம் சாப்பாட்டு பெல் வரை ஒரே ஒரு லைனில் நில்லுங்கள். யார் கை எப்போது சும்மா இருக்கிறது, ஏன் என்று மட்டும் எழுதுங்கள். திட்டக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. வரி வந்த அடுத்த மாதம் நான் நின்றபோது எழுதியது: லேபிள் வரவில்லை. ரிப் துணி கலர் மாறி வந்தது. நூல் ஒரு கோன்தான் இருக்கிறது, மூன்று மெஷினுக்கு மாற்றி மாற்றிப் போகிறது. சைஸ் மாற்றத்துக்குக் கட்டிங்கிலிருந்து ஆள் வரவேண்டும். இவ்வளவுக்கும் அன்று காலை ஆபீஸில் பேசிக்கொண்டது "டெய்லர்களுக்கு மெத்தனம் வந்துவிட்டது" என்று.

பணம் இறுகும்போது முதலாளி முதலில் கை வைப்பது நூல், லேபிள், பாலிபேக் வாங்குவதில்தான். கடனுக்குத் தருகிற கடைக்காரரும் இழுத்துப் பிடிப்பார். அதனால் சரக்கு சொட்டுச் சொட்டாக வரும். நோட்டில் பாதிக்கு மேல் இந்த மாதிரிக் காரணங்களாக இருந்தால் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம். ஸ்டோரைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: வேலை இழுக்கிறது. இரண்டு நாளில் முடிய வேண்டிய பண்டல் (வெட்டிய துணிக்கட்டு) மூன்று நாள் ஆகிறது

இதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. காரணம் இரண்டு. ஷிப்ட் சம்பளக்காரர்களுக்கு ஒன்று, பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட்காரர்களுக்கு ஒன்று.

ஷிப்ட் சம்பளத்தில் இருப்பவர்களின் காரணத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஓவர்லாக் அக்கா. தாராபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். வழக்கமாக அவர் கை போகிற வேகத்துக்கு, உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண் ஈடுகொடுக்க முடியாது. ஒரு நாள் பார்க்கிறேன், ஒவ்வொரு பீஸையும் கோவிலில் துணி சாத்துகிற மாதிரி நீவி நீவி வைக்கிறார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "பின்னாடி திரும்பிப் பாருங்க சார். கட்டிங் டேபிள் காலியா கிடக்குது. இந்த பண்டல் தீந்தா நாங்களும் தீந்தோமுங்களே."

கட்டிங் டேபிளில் துணி விரிக்கவில்லை என்பது லைனில் உட்கார்ந்திருக்கும் அறுபது பேருக்கும் தெரியும். ஆபீஸில்தான் அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாளைக்கு வேலை இல்லை என்று தெரிந்தவர் இன்றைக்கே முடித்துக்கொடுத்துவிட்டு எதற்கு வீட்டுக்குப் போக வேண்டும்? இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? என் கணக்கில் இது சரியான கணக்கு.

செய்ய வேண்டியது: அடுத்த இரண்டு வாரத்துக்கு எத்தனை நாள் வேலை உறுதி என்பதை லைன் முன்னால் போர்டில் எழுதிப் போடுங்கள். நான்கு நாள் என்றால் நான்கு நாள். அதோடு, "சீக்கிரம் முடித்தாலும் இந்த நான்கு நாளுக்கும் சம்பளம் உண்டு" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் வேகம் திரும்பும். மீதி நேரத்தில் ஓவர்லாக் ஓட்டுபவருக்கு பேட்லாக் பழக்குங்கள், கைமடிப் பெண்களை மெஷினில் உட்காரவையுங்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் வெல்டிங் மெஷின் செய்யும் லிங்கன் எலெக்ட்ரிக் என்று ஒரு கம்பெனி. 1980களின் தொடக்க மந்தத்தில் அவர்கள் ஆலைத் தொழிலாளர்களையே பயிற்சி கொடுத்து விற்பனைக்கு அனுப்பினார்கள். நம்மால் அவ்வளவு முடியாது. உள்ளூர் ஆர்டருக்கு சாம்பிள் தைத்துப் பார்க்கவாவது முடியும்.

பீஸ் ரேட் ஆட்களின் சங்கதி வேறு. மந்த காலத்தில் சரக்கு வாங்கும் பையர் ஒரே ஸ்டைலில் இருபதாயிரம் பீஸ் தர மாட்டார். எட்டு ஸ்டைலாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார். புது ஸ்டைலில் கை பழக மூன்று நாளாவது ஆகும். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு ஆபரேஷனுக்கு 1 ரூபாய் 20 காசு. கை பழகினால் நாளைக்கு 700 பீஸ், அதாவது 840 ரூபாய். புது ஸ்டைலில் முதல் நாள் 300, இரண்டாம் நாள் 450, மூன்றாம் நாள் 600. ஆளுக்கு 1,350 பீஸ் ஆனதும் ஆர்டரே முடிந்துவிடுகிறது. கையில் வருவது 1,620 ரூபாய். பழைய பெரிய ஆர்டராக இருந்தால் அதே மூன்று நாளுக்கு 2,520. தொள்ளாயிரம் ரூபாய் போய்விட்டது, ரேட்டை யாரும் குறைக்கவில்லை. அடுத்த ஸ்டைல் வரும், மறுபடியும் முதலிலிருந்து.

செய்ய வேண்டியது: புது ஸ்டைலின் முதல் இரண்டு நாளுக்கு அந்த ஆளின் வழக்கமான சராசரியை உறுதிசெய்து கொடுங்கள். ஒரே மாதிரி கழுத்து, ஒரே நூல் கலர் உள்ள ஸ்டைல்களை அடுத்தடுத்து லைனில் விடச் சொல்லி, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரோடு உட்காருங்கள். ஷிப்மெண்ட் தேதி இடிக்கும், இடித்தாலும் முக்கால்வாசி முடியும்.

அறிகுறி: புதன், வியாழன் ஆள் வரவில்லை

திங்கட்கிழமை ஆள் குறைந்தால் பதற வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கள் கொஞ்சம் இழுக்கும், அது இந்த ஊர் சுபாவம். வாரத்தின் நடுவில் குறைந்தால்தான் யோசிக்க வேண்டும். அவர் வேறு எங்கோ, பெரும்பாலும் பக்கத்து பவர்டேபிளில் (கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் சின்ன யூனிட்), உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்.

பிடித்துத் திட்டினால் முழுதாகப் போய்விடுவார். உங்களால் ஆறு நாள் வேலை கொடுக்க முடியாத வாரத்தில் அவர் இரண்டு நாள் வெளியே தைப்பதைத் தடுக்க உங்களுக்கு என்ன முகம் இருக்கிறது? எந்த நாட்களில் கண்டிப்பாக வேண்டும் என்பதை முந்தின சனிக்கிழமையே சொல்லுங்கள். மீதி நாள் அவர் பாடு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆட்களை நிறுத்தாமல் இருக்கிற வேலையைப் பங்கிட்டு, வாரம் மூன்று நாள் என்று சுழற்சி போடுவது நல்ல யோசனைதான். ஆனால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா ஏறியிருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம் 26 வாரம் என்றால் மிகச் சரியாக 78. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் 77. ஆறு மாதம் சந்தா கட்டியவருக்கு, அடுத்து நோயில் படுக்கும்போது பணம் வராது. ஆகவே சுழற்சி போடும்போது மூன்றுக்குப் பதில் மூன்றரை, நான்கு என்று வைத்து, ஆளுக்கு ஆள் நாட்கணக்கை ஆபீஸ் பெண் மாதா மாதம் பார்க்கட்டும். இதைச் செய்கிற கம்பெனியை ஆட்கள் மறப்பதில்லை, ஏனென்றால் இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அறிகுறி: "மூடப் போறாங்களாம்"

இந்தப் பேச்சு டீக்கடையில் பிறப்பதில்லை. டிரைவரிடமும் வாட்ச்மேனிடமும் பிறக்கிறது. நூல் லோடு வருவது நின்றது, பையரின் கியூசி, அதாவது தரம் பார்க்கிற ஆள், மூன்று வாரமாக வரவில்லை, முதலாளி கார் பேங்க் வாசலில் நிற்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்க எம்.பி.ஏ. வேண்டியதில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள், எப்போதும் நிஜத்தைவிட மோசமாக.

இந்த இடத்தில் முதலாளிகள் இரண்டு விதம். ஒருவர் காணாமல் போய்விடுவார். முன்பு தினமும் லைனில் ஒரு சுற்று வந்தவர், இப்போது பின்வாசல் வழியாக ஆபீஸுக்குப் போய்விடுவார். சங்கடம்தான் காரணம், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் லைனில் அதை யாரும் சங்கடம் என்று எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் எல்லோரையும் கூட்டி "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்பார். அதைக் கேட்ட அன்று சாயங்காலமே நாலு பேர் வேறு கம்பெனிக்கு போன் போடுவார்கள்.

செய்ய வேண்டியது: சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் பதினைந்து நிமிஷம். முதலாளியே வரவேண்டும், மேனேஜரை அனுப்பினால் எடுபடாது. மூன்று விஷயம் மட்டும்: கையில் என்ன ஆர்டர் இருக்கிறது, எது இன்னும் முடிவாகவில்லை, அது எந்தத் தேதிக்குள் தெரியும். அந்தத் தேதியில் மறுபடியும் வந்து நிற்க வேண்டும், செய்தி கெட்டதாக இருந்தாலும். ஒரு வாரம் தவறினால் அதற்கு முன் பேசியதெல்லாம் வீண்.

"விளக்கினால் மட்டும் வயிறு நிறையுமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு உண்டு. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். இரண்டில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் பிடித்தார்கள். ஒன்றில் கணக்கைக் காட்டி, வருத்தம் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். சுருக்கமாக முடித்த ஆலையில் திருட்டும் கூடியது, வேலையை விட்டுப் போனவர்களும் கூடினார்கள். விளக்கிய ஆலையில் அந்த அளவுக்கு இல்லை. பிடித்த பணம் இரண்டிலும் ஒன்றுதான். வயிறு நிறையாதுதான், ஆனால் ஸ்டோரில் நூல் கோன் காணாமல் போவதற்கும் முதலாளி பேசாமல் இருப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

அறிகுறி: நல்ல கைகள் முதலில் போகின்றன

எல்லோருக்கும் ஒரே மாதிரி பத்து சதவீதம் வெட்டு என்று அறிவித்துப் பாருங்கள். நியாயமாகத் தெரியும். ஒரு மாதத்தில் உங்கள் சிறந்த பேட்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், காலர் ஏற்றத் தெரிந்த இரண்டு பேர் போயிருப்பார்கள். அவர்களைத்தான் எவ்வளவு மந்தத்திலும் பக்கத்துக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். போக இடமில்லாதவர்கள் கசப்போடு இருப்பார்கள்.

ரேட்டில் கை வைக்காதீர்கள். சங்கங்களோடு பேசிக் கையெழுத்தான சம்பள ஒப்பந்தம் உள்ள ஊர் இது, அது ஒரு பக்கம். அதைவிட, ரேட் என்பது ஒரு ஆளின் கைக்கு நீங்கள் வைத்த மதிப்பு. ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்தால் "நேரம் சரியில்லை" என்பார்கள். ரேட்டைக் குறைத்தால் "நம்மளைக் குறைச்சுட்டாங்க" என்பார்கள். கையில் வருகிற தொகை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் இப்படித்தான்.

வெட்டியே ஆகவேண்டும் என்றால் ஆபீஸிலிருந்து ஆரம்பியுங்கள். முதலாளி வீட்டுச் செலவு கம்பெனி கணக்கில் போவது, மேனேஜர் கார், என் சம்பளம். 2020இல் என் சம்பளத்தில் கால்வாசியை நிறுத்திவைத்தார்கள். சந்தோஷமில்லை. ஆனால் லைனில் போய்ப் பேச வாய் வந்தது.

அறிகுறி: டேமேஜ், ஆல்டர் (பிரித்துத் திரும்பத் தைப்பது) கூடுகிறது, சூப்பர்வைசர் கத்துகிறார்

இரண்டும் ஒரே கோளாறு. ஆபீஸில் விழுகிற அடி படிப்படியாக இறங்கி சூப்பர்வைசர் வாய் வழியாக வெளியே வருகிறது. கத்தினால் டேமேஜ் குறையாது, டேமேஜ் சீட்டுதான் குறையும். ஓட்டை விழுந்த பீஸ் பண்டலுக்கு நடுவில் போய்விடும், பேக்கிங்கில் பையரின் ஆள் எடுப்பார். சரக்கு ஏற்றுகிற ராத்திரி லாரி வாசலில் நிற்கும்போது சத்தமாக உத்தரவு போடலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதே குரல் மாதம் முழுக்க ஓடினால்தான் கோளாறு. சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் வேலைக்கு ஆபத்து இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள், உண்மையாக இருந்தால். பெரும்பாலும் அதற்குப் பிறகு வேறெதுவும் தேவைப்படாது.

அறிகுறி: ஹாஸ்டல் காலியாகிறது

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஒரு ஆள் ஊருக்குக் கிளம்பினால் ஒரு அறையே கிளம்பும். வேலை இல்லாத நாளுக்கும் மெஸ் பணம் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கடன் ஏறுகிறது என்றால் யார் இருப்பார்கள்? அந்த நாட்களின் மெஸ்ஸைக் கம்பெனி ஏற்க வேண்டும். போர்டில் எழுதுவதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள். அவர்களிலேயே எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார். காண்ட்ராக்டர் வாய் வழியாக மட்டும் செய்தி போனால் அது வேறு செய்தியாகப் போய்ச் சேரும்.

அறிகுறி: போனஸ் பேச்சு வந்ததும் லைன் இறுகுகிறது

2025இல் வரி வந்ததற்கும் தீபாவளிக்கும் நடுவே 54 நாள்தான். பையர்கள் சரக்கை நிறுத்திவை என்றார்கள், விலையைக் குறை என்றார்கள், கீழே எல்லோரும் காலண்டரைப் பார்த்தார்கள். போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். ஆண்டு நட்டத்தில் போனாலும் அந்தக் குறைந்தபட்சம் உண்டு. வழக்கமாக அதற்கு மேல் கொடுத்து வந்த கம்பெனி என்றால், இந்த வருடம் எவ்வளவு என்பதை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கம்மியான தொகையை முன்கூட்டிக் கேட்டவர் துணி எடுப்பதைக் குறைத்துக்கொள்வார். கடைசி நாளில் கேட்டவர் ஏற்கெனவே கடன் வாங்கியிருப்பார்.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஆளைக் குறைத்தே தீரவேண்டும்

டிரூமன் பியூலி என்ற பொருளாதார அறிஞர், 1990களின் தொடக்கத்தில் வடகிழக்கு அமெரிக்கா மந்தத்தில் இருந்தபோது, முன்னூறுக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்துப் பேசினார். சம்பளத்தைக் குறைப்பதைவிட ஆட்களை நிறுத்துவதையே முதலாளிகள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குக் கிடைத்த பதிலின் சாரம்: நிறுத்தினால் மனக்குறை வாசலைத் தாண்டிப் போய்விடும், சம்பளத்தைக் குறைத்தால் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கே அது சரியாக இருக்கலாம். திருப்பூரில் வாசலைத் தாண்டிப் போகிறவர் உள்ளே இருப்பவரின் தங்கை, பக்கத்து வீட்டுக்காரர், அதே பஸ்ஸில் வருபவர். குறை சாயங்காலம் வீட்டுக்குப் போய் மறுநாள் காலை பஸ் ஏறி வந்துவிடும்.

முதலில் தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியுமா என்று பாருங்கள். ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தவரை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கொடுக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. அறவே நிறுத்துவதென்றால், முன்னூறு பேருக்குக் குறைவான ஆலையில், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது பொது விதி. மாற்றினால் காரணம் எழுதிவைக்க வேண்டும்.

சட்டத்தில் இல்லாத மூன்று விஷயம்: வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். வாராவாரம் இரண்டிரண்டு பேராக அனுப்பாதீர்கள், ஒரே நாளில் முடியுங்கள். அன்றைக்கே மீதிப் பேரைக் கூட்டி, அடுத்து எத்தனை வாரத்துக்கு இந்தப் பேச்சு கிடையாது என்று சொல்லுங்கள். நான் ஒரு தடவை இரண்டிரண்டு பேராக அனுப்பிப் பார்த்தவன். ஐந்து வாரம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியத்துக்கு மேல் ஒரு மெஷினும் ஒழுங்காக ஓடவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டாலே தலை குனிந்துகொண்டார்கள்.

அறிகுறி: ஆர்டர் திரும்பி வந்துவிட்டது, ஆட்கள் வரவில்லை

கேட்டில் "டெய்லர்கள் தேவை" போர்டு தொங்கவிடுவதற்கு முன்னால், அனுப்பியவர்களின் பட்டியலை எடுங்கள். நிறுத்தப்பட்டவர்களுக்கு மறுபடி எடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்பது சட்டத்திலும் இருக்கிறது. அனுப்பிய அன்றே பெயர், போன் நம்பர், எந்த மெஷின், எந்த பஸ் ரூட் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இது ஒரு காலை வேலை. போன் போடுவது ஆபீஸ் பையனாக இருக்கக் கூடாது, அவர்களைப் போகச் சொன்னவரே போட வேண்டும்.

2020 ஜூனில் அந்த ஓவர்லாக் அக்காவுக்கு நான்தான் போட்டேன். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆடு மாடு பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்று கேட்டார். ஐந்து என்றேன். எத்தனை வாரத்துக்கு என்றார். ஆறு வாரம் உறுதி, அதற்கு மேல் ஜூலை கடைசியில்தான் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "பஸ்ஸு பழைய டைம்தானுங்களா?"